செல்வி எழுதிய மன்னிப்புக் கடிதம்

ஹானர்ஸ் வகுப்பைப் புதிதாக ஏற்றுக்கொண்டிருக்கும் நீங்கள் மூவரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். "உங்க காலத்துல வந்ததுலயே நல்ல ஆய்வேடு எது மேடம்? பிள்ளைங்களுக்கு ஒரு மாதிரியா காட்டலாம்" என்று உங்களில் ஒருவர் கேட்டார். காபி ஆறிப்போகிறது என்று சொல்லி நான் பேச்சை மாற்றினேன். நீங்கள் போன பிறகு வெகுநேரம் என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வழிகாட்டியதிலேயே சிறந்த ஆய்வேடு நம் கல்லூரி நூலகத்தில் இல்லை. அதை எழுதிய பெண் ஹானர்ஸ் முடிக்கவும் இல்லை. இரண்டுக்கும் காரணம் நான்.

அவளை இங்கே செல்வி என்று சொல்கிறேன். கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், அணைக்கட்டுத் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒன்றிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அப்பா அம்மா இருவருக்கும் கூலி வேலை. இப்போது போலவே அப்போதும் முதலாண்டு முடிந்ததும் எல்லாத் துறைகளிலிருந்தும் இருபது பேரைத்தான் ஹானர்ஸுக்கு எடுப்போம். சனிக்கிழமை தனி வகுப்பு, மூன்றாம் ஆண்டில் சொந்தமாக ஓர் ஆய்வேடு. நேர்காணலில் மற்றவர்கள் எல்லாம் தண்ணீர்ப் பற்றாக்குறை, வேலையின்மை என்று பெரிய பெரிய தலைப்பாகச் சொன்னார்கள். செல்வியிடம் கேட்டபோது, "எங்கம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருது மேடம். எங்க தெருவுல நெறைய பேருக்கு வருது. ஏன்னு பாக்கணும்" என்றாள். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் சிரித்தார். பொருளியல் படிக்கிற பெண்ணுக்கு இது என்ன தலைப்பு என்றார். நான் சிரிக்கவில்லை. அவளை எடுத்துக்கொண்டதும் நானே வழிகாட்டியாக இருக்கிறேன் என்று சொன்னதும் நான்தான். இந்தக் கதையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் இல்லை என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

அவள் தன் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பதினான்கு பெண்களிடம் பேசினாள். எல்லாரும் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். அவர்கள் சொன்னது எளிமையான விஷயம். வேலைக்குப் போனால் பொழுது சாயும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. சுற்றிலும் வெட்டவெளி, வரப்பில் ஆண்கள் நடமாட்டம். அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணை ஒன்றில் மோட்டார் கொட்டகை இருக்கிறது, பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. கொட்டகைக்குப் பூட்டு. தொட்டியில் காலனிப் பெண்கள் மொள்ளக் கூடாது.

நான் நேரில் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்று பெயர் எடுத்தவள். ஒரு சனிக்கிழமை செல்வியோடு பஸ் ஏறிப் போனேன். எதிரே தெரிந்த மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது, ஆனால் கழனியில் வெயில் சுட்டது. நடவு நடந்துகொண்டிருந்தது. பொழுது ஏறியதும் பெண்கள் கரையேறி வரப்பில் உட்கார்ந்தார்கள். நானும் செல்வியின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"காலைல ஒரு சொம்பு குடிச்சா அத்தோட சரி மேடம்" என்றார் அவர். "மத்தியானம் நாக்கு ஒட்டிக்கும். வாயக் கொப்புளிச்சித் துப்பிட்டு எறங்கிடுவோம்."

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போனா, தண்ணி ஜாஸ்தி குடிங்கன்றாங்க. அந்த டாக்டரு கழனிக்கி வந்து பாத்தாரா இன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொட்டகையின் பூட்டைப் பார்த்தேன். தொட்டியைப் பார்த்தேன். முன்பொரு நாள் தெரியாமல் ஒருத்தி மொண்டதற்காகத் தொட்டியையே காலி செய்து கழுவினார்கள் என்று அவர்கள் சொன்னதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அங்கிருந்து கிளம்பி பஸ் ஏறும்வரை நான் அதைத் திறக்கவே இல்லை. ஏன் திறக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

செல்வி முதலில் எழுதிக் கொண்டுவந்த படியில் "ஓர் ஊரில்", "ஒரு பண்ணையில்", "ஒரு பெண்" என்றுதான் இருந்தது. நான் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையால் எழுதினேன்: எந்தப் பகுதி? எப்படிப்பட்ட பண்ணை? யார் இந்தப் பெண்? குறிப்பாக எழுது. அவள் திருத்திக் கொண்டுவந்தாள். இப்போது அது கால்வாய்க்கு மேற்கே மூன்று கிணறு உள்ள பண்ணை ஆயிற்று. ஒரு பெண், கணவர் லாரியில் அடிபட்டுக் காலை இழந்த பெண் ஆனாள். இன்னொருத்தி, இரண்டு முறை கரு கலைந்தவள் ஆனாள். பெயர்களை மட்டும் மாற்றியிருந்தாள். பெயரை மாற்றினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஊரில் யாரும் பெயரைக் கேட்டு ஆளை அடையாளம் காண்பதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆய்வேடு நன்றாக வந்துகொண்டிருந்தது. எனக்கோ அப்போது வேறு கவலை. நல்ல மாணவர்களை எல்லாம் ஹானர்ஸ் இழுத்துக்கொள்கிறது என்று மற்ற துறைகளில் முணுமுணுப்பு. முதல்வராக இருந்த ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை வைத்துத்தான் இந்த வகுப்பைத் தொடர்வதா என்று முடிவு செய்வோம்" என்றார். காட்ட ஏதாவது வேண்டும். நான்கு ஆய்வேடுகளைத் தேர்ந்தெடுத்து, முக்கியமான பகுதிகளைப் படத்தோடு ஃப்ளெக்ஸ் அடித்து அரங்கில் வைப்பது என்று முடிவு செய்தேன். நான்கில் ஒன்று செல்வியுடையது. அதில் அவள் எடுத்த கொட்டகைப் படத்தைப் பெரிதாகப் போட்டேன்.

செல்வி ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"மேடம், என்னுது வேணாம் மேடம்."

"ஏன்?"

"அவங்க என்ன நம்பிப் பேசுனாங்க. இந்த மாதிரி போர்டுல போடுவாங்கன்னு நான் அவங்க கிட்ட சொல்லவே இல்ல."

"வர்றவங்க எல்லாம் வெளியூர்க்காரங்கம்மா. உங்க ஊரு எந்தப் பக்கம் இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது."

"இருந்தாலும் மேடம்..."

"நல்ல ஆய்வுன்னா வெளியில வரணும் செல்வி. பயந்துக்கிட்டு இருந்தா எப்படி?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசாததைச் சம்மதமாக நான் எடுத்துக்கொண்டேன். ஆசிரியரிடம் இரண்டாம் முறை வேண்டாம் என்று சொல்ல நம் மாணவர்களில் எத்தனை பேரால் முடியும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்கு வசதிப்படவில்லை என்பதுதான் சரி.

குழு வந்தது. அதில் இருந்த ஓர் அம்மையார் செல்வியின் ஃப்ளெக்ஸ் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த ஒன்றுக்காகவே இந்த வகுப்பை நடத்தலாம் என்று ஃபாதரிடம் சொன்னார். ஃபாதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் பெற்றோர் கூட்டம். காலையில் அரங்கைத் திறந்த பணியாளர், "இதெல்லாம் கழட்டிடட்டுமா மேடம்?" என்று கேட்டார். "இருக்கட்டுமே, அப்பா அம்மாக்களும் பார்க்கட்டும்" என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் மறந்துபோகவும் இல்லை. கேட்டார், யோசித்தேன், இருக்கட்டும் என்றேன்.

நான்கு ஃப்ளெக்ஸில் இன்னொன்று மரவள்ளிக் கிழங்கு விலையைப் பற்றியது. அதைச் செய்தவளை வினோதினி என்று வைத்துக்கொள்வோம். அவளும் நல்ல மாணவி, செல்வியோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். தன்னுடையதைக் காட்ட அப்பாவை அழைத்து வந்தாள். அவர் மகளுடையதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். அங்கே அவருடைய கொட்டகை இருந்தது. அவருடைய தொட்டி இருந்தது.

அது அவர் பண்ணை என்று எனக்குத் தெரியாது. வினோதினியின் அப்பா என்றுதான் தெரியும். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். நான் அருகே போய், "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குங்க மேடம்" என்றார். "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறீங்க."

பாராட்டு என்று எண்ணி அவருக்கு நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி செல்வியின் தெருவுக்கு வந்து, பதினான்கு பெண்களையும் ஒவ்வொருவராகச் சொல்லி, இவர்கள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காலிழந்தவரின் மனைவி, கரு கலைந்தவள் என்று எல்லாரையும் அந்த ஃப்ளெக்ஸை வைத்தே கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு பண்ணை வேண்டாம் என்றால் சுற்றியிருக்கும் மற்றவர்களும் கூப்பிட மாட்டார்கள். நடவுக் காலம் அது.

புதன்கிழமை வினோதினியின் அப்பா உறவினர் இருவரோடு கல்லூரிக்கு வந்தார். முதல்வர் அறைக்கு என்னையும் செல்வியையும் அழைத்தார்கள். ஃபாதர் வழக்கம்போல் சிறிய ஜெபத்தோடு தொடங்கினார். காபி வந்தது. எனக்கு ஃபாதரின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி. செல்வி கதவோரம் நின்றாள். அவளுக்கு நாற்காலி போடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பண்ணைக்காரர் கத்தவில்லை. "நான் சண்டைக்கி வர்லீங்க ஃபாதர். எம்பொண்ணும் இங்கதான் படிக்கிது. நாங்க வேல குடுக்கறோம். நல்லது கெட்டதுன்னா முன்னாடி நிக்கறோம். அத்த எல்லாம் வுட்டுட்டு, தண்ணி குடுக்காத பாவின்னு சுவத்துல போட்டு வச்சிக்கிறீங்களே, இது ஞாயமா?"

கூட வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "எங்க பக்கத்துப் பொண்ணுங்க எவ்ளோ பேரு இங்க படிக்கிதுங்க. அல்லாரும் டி.சி. வாங்கினு போயிட்டா காலேஜுக்குத்தான் கஷ்டம். பாத்துக்கோங்க."

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "மேடம், இதில் எழுதியிருப்பதெல்லாம் சரிபார்த்ததுதானா?"

நானே போய்ப் பார்த்தேன், உண்மைதான். அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. என் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டு மாடியில் என் மேசைக்குள் இருந்தது.

நான் சொன்னது இது: "களத் தகவல் எல்லாம் மாணவி சேகரித்தது, ஃபாதர். நான் ஆய்வு முறையை மட்டும்தான் பார்த்தேன்."

செல்வி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் பேசி முடிக்கவில்லை, அடுத்த வாக்கியம் வரும் என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் காபி டம்ளரைக் கையில் எடுத்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு என்னென்ன மிஞ்சும் என்று அதற்குள் மனம் கணக்குப் போட்டிருந்தது என்பதை நான் ஒளிக்கவில்லை. ஹானர்ஸ் வகுப்பு மிஞ்சும். குழு சொன்ன நல்ல வார்த்தை மிஞ்சும். ஃபாதரிடம் என் பெயர் மிஞ்சும். இருபது மாணவர்களுக்காகத்தானே இதைச் செய்கிறேன் என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த இருபதில் ஒருத்திதான் கதவோரம் நின்றிருந்தாள்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விஷயத்தை இதோடு விட்டுவிடுவதாக அவர்கள் சொன்னார்கள். வெள்ளைத் தாள் ஒன்று கொடுத்தார்கள். செல்வி மேசையின் ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். என் ஆய்வில் உள்ள செய்திகள் சரிபார்க்கப்படாதவை, இதனால் மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி என்னிடம் நீட்டினாள். வாங்கிப் படித்தேன். படித்துவிட்டு, "மன்னிப்புக்கு அப்புறம் ஒரு 'க்' வரும்மா" என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வாய் தவறிச் சொன்னதல்ல. இத்தனை வருடப் பழக்கம், கண் தானாகத் தப்பைத் தேடியது. அவள் என்னிடமிருந்து தாளை வாங்கி, அந்த 'க்'கைப் போட்டு, ஃபாதரிடம் கொடுத்தாள். ஃபாதர் நிறைவு ஜெபம் சொன்னார். எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

அடுத்த நாள் வினோதினி என்னைத் தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது. "மேடம், அந்தத் தொட்டி விஷயம் நெசம் மேடம். நான் சின்னதுல இருந்து பாத்துக்கினுதான் இருக்கேன். நான் போயி ஃபாதர் கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். குடும்பத்துக்குள்ள பிரச்சினை ஆயிடும். நீ உன் ஆய்வேட்டை முடிக்கிற வழியைப் பார்" என்றேன். அவளுக்கு நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். முந்தின நாள் எனக்கு வராத தைரியம் அந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது. அதையும் நானே அடக்கி அனுப்பினேன். அதன் பிறகு அவளும் செல்வியும் பஸ்ஸில் பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டேன்.

செல்வி சனிக்கிழமை வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். இரண்டு வாரம் கழித்து ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். "ஹானர்ஸ் வேணாம் மேடம். சும்மா டிகிரி போதும்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தையாவது கேட்பேன் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். சாதாரண வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் பதில் சொல்வாள். பதில் எப்போதும் சரியாகவே இருக்கும்.

இப்படியே நாலு மாதம் ஓடியது. நான் பாடம் நடத்தினேன், தேர்வுத் தாள் திருத்தினேன். ஹானர்ஸ் வகுப்பைத் தொடர அனுமதி கிடைத்தபோது எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

சேலம் போகும் என் தம்பியை ரயில் ஏற்றிவிட ஒரு நாள் காலை சின்னசேலம் போயிருந்தேன். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் மினி லாரி ஒன்று நின்றது. பின்னாலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், கையில் சோற்றுத் தூக்கு. அதில் செல்வியின் அம்மா இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"மேடம், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். மக்காச்சோளம் ஒடிக்கப் போவதாகச் சொன்னார். தினமும் நாலு மணிக்கு எழுந்து இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவர் ஓடிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகாமல் கச்சிராயபாளையம் பஸ் ஏறினேன். செல்வி வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்மா" என்றேன். "அதை நான் வெளியில வெச்சிருக்கக் கூடாது. என்னாலதான் உங்க எல்லாருக்கும் வேலை போச்சு."

"அத்த வுடுங்க மேடம். இங்க இல்லன்னா சின்னசேலம். கொஞ்சம் சீக்கிரம் எழுந்திரிக்கணும், தூக்கம் கம்மி, அவ்ளோதான்."

"தெருவுல எல்லாரும் கோவமா இருப்பாங்க."

"மொதல்ல எம்பொண்ணத்தான் திட்டுனாங்க. அப்புறம் பாத்தா, அவரு கழனிகிட்ட பெரிய நீல டிரம்மு வச்சி தண்ணி ஊத்தி வச்சிக்கிறாரு. ஓல வச்சி மறைப்புகூட கட்டிக்கிறாரு. இப்ப வெளியூரு பொம்பளைங்க வேலைக்கி வராளுங்க இல்ல, அவளுங்க குடிக்கிறாளுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "எம்பொண்ணு எழுதனதுக்குத்தான வச்சாரு?"

"ஆமா. அதுக்குத்தான்."

"அப்ப அவ எழுதனது நெசந்தான?"

"நெசந்தான்."

"நீங்களும் வந்து பாத்தீங்க. என் பக்கத்துலதான் வரப்புல ஒக்காந்துக்கினு இருந்தீங்க."

"ஆமாம்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு மேடம் அவ மன்னிப்பு எழுதிக் குடுத்தா?"

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு காலிச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வேல போனதுக்கு நான் அழுவல மேடம். அவ வூட்டுக்கு வந்து சொன்னா, மேடம் அங்கதாம்மா ஒக்காந்துக்கினு இருந்தாங்கன்னு. அதுக்குத்தான் அழுதேன்."

ஃப்ளெக்ஸ் வைத்ததுதான் என் தப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபமாகவும் இருந்தது. கவனக்குறைவு, அவசரம் என்று அதற்குப் பெயர் வைத்துவிடலாம். ஃபாதரின் அறையில் நான் செய்ததற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. அதைப் பற்றி வாய் திறக்காமலேயே மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன் என்பது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு கடிதம் எழுதி ஃபாதரிடம் கொடுத்தேன். செல்வியின் ஆய்வில் உள்ளவை உண்மை, நானே நேரில் போய்ப் பார்த்து என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், அடையாளம் தெரியும்படி எழுதச் சொன்னதும் அவள் மறுத்தும் காட்சிக்கு வைத்ததும் நான், அன்று இந்த அறையில் நான் சொன்னது பொய், அவளுடைய கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நோட்டையும் கூடவே வைத்தேன்.

ஃபாதர் இரண்டு தடவை படித்தார். "அன்றைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஆமாம் ஃபாதர்."

கடிதத்தை மடித்துக்கொண்டே, "உங்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் சந்தேகம் வந்தது. இன்னொரு முறை நானும் கேட்கவில்லை" என்றார். கோப்பிலிருந்து செல்வியின் கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். என் கடிதத்தின் நகல் வினோதினியின் அப்பாவுக்கும் போனது. அவரிடமிருந்து பதில் வரவில்லை. யாரும் டி.சி. வாங்கிக்கொண்டு போகவும் இல்லை. அந்தப் பதினான்கு பேரை அந்த வருடம் முழுக்க அந்தப் பக்கத்தில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. என் கடிதத்தால் அவர்களுக்கு ஒரு நாள் வேலைகூடத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு ஹானர்ஸ் பொறுப்பை ஃபாதர் வேறொருவரிடம் கொடுத்தார். வயதைக் காரணமாகச் சொல்லி நானே விலகியதாக உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது அப்படி இல்லை.

பொறுப்பில் இருக்கும்போது உங்களுக்கும் இப்படி ஓர் அறை வாய்க்கும். அதில் உங்களுக்கு நாற்காலி இருக்கும், உங்கள் மாணவர் நின்றுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் முதலில் மனதில் தோன்றும் வாக்கியம் உங்களைக் காப்பாற்றுகிற வாக்கியமாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்லிவிடாமல் ஒரு மூச்சு பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி இந்த விஷயத்தில் எனக்கு இல்லை.

ஃபாதரிடம் கடிதம் கொடுத்த அன்று மதியமே செல்வியை வரச்சொல்லி, அவள் எழுதிய கடிதத்தையும் என் கடிதத்தின் நகலையும் கொடுத்தேன். இன்னும் நேரம் இருக்கிறது, ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தால் ஹானர்ஸ் கிடைக்கும், ஃபாதரும் சம்மதித்துவிட்டார் என்றேன்.

"வேணாம் மேடம்" என்றாள். "நான் அத்த அவங்க பதினாலு பேர் கிட்டயும் படிச்சிக் காட்டினேன். ரெண்டு பேரு அவங்க பேசினது வேணாம்னாங்க, கிழிச்சிட்டேன். மத்தவங்க வூட்லயே வச்சிக்கோ, வெளிய குடுக்காதன்னு சொல்லிட்டாங்க."

நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது அது. அவளாகவே செய்திருந்தாள்.

என் கடிதத்தை அங்கேயே நின்று முழுக்கப் படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குப் படிச்சிக் காட்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்தபோது அவளை நிறுத்தினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் பெரிசா சொல்லல மேடம்."

"பரவாயில்ல, சொல்லு."

"இத்த எழுதறதுக்கு அவங்களுக்கு நாலு மாசம் ஆச்சான்னு கேட்டாங்க."